வடிவு உட்கார்ந்த ஐந்து நிமிடம்

ஜூலை 8, திங்கள்

தவுட்டுக்குட்டி,

உன் டைரியில்தான் எழுதுகிறேன், கோபப்படாதே. புது வருஷத்துக்குக் கடையில் ஆளுக்கொன்று கொடுத்தார்களே, என்னுடையதை அப்போதே எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டேன். உன்னுடையதில் முன்பக்கம் கொஞ்சம் எழுதியிருக்கிறாய். அதை நான் படிக்கவில்லை. இன்றைய தேதி போட்ட தாளைத் திறந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் கோணிக்கொண்டு போகும். நீ பத்து படித்தவள், சிரித்துக்கொள்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்று வேலைக்குப் போனேன். அதே இரண்டாம் மாடி, அதே காட்டன் புடவைப் பிரிவு. பதினொரு வருஷமாக என் வலப்பக்கம் நீ நின்ற இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்தியிருக்கிறார்கள். மாம்பழ மஞ்சளில் புடவை கட்டிவிட்டிருக்கிறார்கள். ஏசிக் காற்றில் முந்தானை ஆடும்போது நீதான் திரும்புகிறாய் என்று இரண்டு தரம் பேச வாயெடுத்துவிட்டேன்.

கடையில் எல்லோரும் உன்னை வடிவு என்றே பேசினார்கள். எனக்கு அது யாரையோ சொல்வதுபோல இருந்தது. நீ பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லிச் சொல்லி உன்னை அழவைத்தது நான்தான். அந்தப் பேர் என் வாயில் மட்டும் நின்றுவிட்டது. இனி அந்தப் பேரால் கூப்பிட ஆள் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். ஒரு ஆளுக்கு எதற்கு எட்டு என்று ஏழாவது குடத்தில்தான் உறைத்தது.

ஜூலை 12, வெள்ளி

விடியப்போகும் நேரத்தில் கனவில் வந்தாய். ஆற்றுக்கு நடுவில், தண்ணீர் மேலேயே, பாயில் உட்கார்வதுபோலக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாய். வா என்றால் வரவில்லை. கால் வீக்கம் இல்லை. அதைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்.

இன்று பக்கத்துக் கவுண்டர் ஞானம் அக்கா என்னை அடித்தட்டு பார்க்கச் சொன்னாள். நீ போன பிறகு நான் அதைச் செய்யவே இல்லை.

யாராவது பிற்காலத்தில் இதைப் படித்தால் விளங்க வேண்டும் என்று எழுதுகிறேன். எங்கள் கடையில் காலை ஒன்பதரைக்கு ஏறினால் கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். சாய்ந்தாலும் கேமராவில் தெரியும். அதனால் நாங்களே ஒரு வழி வைத்திருந்தோம். அலமாரியின் கடைசித் தட்டில் புடவை தேடுவதுபோலக் குந்திக்கொள்வது. பக்கத்தில் நிற்பவள் ஒரு புடவையை அகல விரித்துப் பிடித்து மறைப்பாள். ஆளுக்கு ஐந்து நிமிடம். "அடித்தட்டுல அந்த ராமர் பச்சை இருக்கான்னு பாரு" என்றால் போய் உட்காரு என்று அர்த்தம். பதினொரு வருஷத்தில் அந்த ராமர் பச்சைப் புடவையை யாரும் எடுத்ததில்லை.

ஞானம் அக்கா புடவையை விரித்துப் பிடித்தாள். நான் குந்தினேன். புடவைக்குள் வெளிச்சம் நீலமாக வந்தது, தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல. காதில் இரைச்சல் அடங்கிவிட்டது.

"ஏட்டி ஆவுடை, தூங்கிட்டியா? ஏழு நிமிசம் ஆச்சு. என் கை என்ன கொடிக்கம்பியாட்டி?" என்று அக்கா மேலேயிருந்து கத்தின பிறகுதான் எழுந்தேன்.

ஜூலை 15, திங்கள்

உன் போனுக்கு இன்னமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஒரே நம்பரிலிருந்து மூன்று அழைப்பு. மாடிப்படியில் நின்று திரும்பக் கூப்பிட்டேன். ஒரு பெண் குரல்.

"தொழிலாளர் துறை அலுவலகம். வடிவு பேசுறீங்களா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆமா என்று சொல்லிவிட்டேன். உன்னை ஒருவர் உயிரோடு கூப்பிடுகிறார். அந்தப் படியில் அந்த நேரத்தில் என் வாயில் வேறு சொல் வரவில்லை.

"ஜூன் பத்தாந்தேதி நீங்க போட்ட மனு கிடைச்சுதும்மா. இந்த மாசம் கடைக்கு ஆய்வுக்கு வருவோம். உங்க பேரை அங்க சொல்ல மாட்டேன். ஆய்வு முடிஞ்சதும் ஆபீசுக்கு வந்து என்ன நடந்துச்சுன்னு எழுதிக் கொடுக்கணும். வருவீங்களா?"

அதற்கும் ஆமா என்றேன். டிபனில் இருந்த சோற்றை அப்படியே மூடிவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

முன்பக்கத்தைப் படித்துவிட்டேன், தவுட்டுக்குட்டி.

மனுவை முதலில் இதில் எழுதிப் பார்த்திருக்கிறாய். அடித்து அடித்து நாலு தரம். "ஐயா, கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. எங்கள் கடையில் இல்லை. என் அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. அவள் சொல்ல மாட்டாள். ஆகையால் நான் எழுதுகிறேன்."

என் காலுக்காக எழுதியிருக்கிறாய். உன் காலைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்தச் சட்டத்தைப் பற்றி நீ மே மாதமே பஸ்ஸில் வைத்து என்னிடம் சொன்னாய். "யக்கா, உட்காரது நம்ம உரிமையாம். போன்ல போட்டிருக்கான்." நான் என்ன சொன்னேன்? "சட்டமும் நம்மள மாதிரி செருப்பைக் கீழ கழட்டிப் போட்டுட்டுத்தான் கடைக்குள்ள வரணும்ட்டி." நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். கண்டக்டர்கூடச் சிரித்தார்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தள்ளுபடி ஆரம்பம். கூட்டம் படியிலிருந்தே நெரித்துக்கொண்டு ஏறியது. கையில் எடுப்பது புடவையா மேகமா என்று தெரியாமல் விரித்தேன், மடித்தேன், விரித்தேன்.

நடுவில் லிப்டில் இருபது பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கியது, சிவப்பு நிறம், உறைகூடப் பிரிக்காமல். சூப்பர்வைசர் தளவாய் அண்ணாச்சி ஒவ்வொரு கவுண்டருக்குப் பின்னாலும் ஒன்று வைக்கச் சொன்னார். "ஆபீசர் யாராச்சும் வந்து கேட்டா எல்லாம் இருக்குன்னு சொல்லுங்க. கேட்டியளா?" என்றார். கேட்டோம் என்றோம். கூட்டத்தில் யார் கேட்டது?

ஒருத்தியும் அதில் உட்காரவில்லை. மத்தியானத்துக்குள் ஸ்டூல் மேல் புடவை குவிந்துவிட்டது. மீதி ஸ்டூலைக் கஸ்டமர் தாங்கள் உட்கார இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஞானம் அக்கா தன் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே குந்தி அடித்தட்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 19, வெள்ளி

இப்போதெல்லாம் நீ எங்கே பார்த்தாலும் உட்கார்ந்திருக்கிறாய். பஸ்ஸில் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டி மேலே, பேட்டை ரயில்வே கேட்டில், கோயில் மதிலில். நான் போகிற வழியெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாய். பக்கத்தில் வந்தால் எழுந்துவிடுகிறாய்.

ஜூலை 22, திங்கள்

போனில் பேசிய தொழிலாளர் துறை மேடம் ஆய்வுக்கு வந்தார்கள். சின்ன உருவம், பருத்திப் புடவை, தோளில் ஒரு பை, கூட ஒரு உதவியாளர். எங்கள் பிரிவில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் நின்றோம். பின்னால் தளவாய் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேடம் சாதாரணமாகத்தான் கேட்டார்கள். "வேலை நேரத்துல நடுவுல உட்காருவீங்களாம்மா?"

பதினொரு வருஷமாக எங்களைப் பயமுறுத்திய கேள்வி அது. ஞானம் அக்கா அடித்தட்டு விஷயம் வெளியே போய்விட்டது என்றே நினைத்துவிட்டாள். நெஞ்சில் கை வைத்து, "உக்காரவே மாட்டோம் மேடம்!" என்றாள்.

"ஏசு சத்தியமா ஒரு நிமிசம் உக்கார்ந்ததில்ல மேடம்."

"யாரோ வேணும்னே கோள் சொல்லியிருக்காவ மேடம்."

"கேமராவுல போட்டுப் பாருங்க மேடம், காலைல இருந்து நிப்போம்!"

எட்டுப் பேரும் மாற்றி மாற்றிச் சத்தியம் செய்தோம். நானும் செய்தேன். தளவாய் அண்ணாச்சி பின்னாலிருந்து கண்ணைக் காட்டுகிறார், இருமுகிறார், ஸ்டூலைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். அவர் எங்களை இன்னும் பலமாகச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்து ஞானம் அக்கா இன்னும் பலமாகச் சொன்னாள்.

"அப்ப இந்த ஸ்டூல்?"

"அதை நாங்க தொடவே மாட்டோம் மேடம். ஆடி ஒண்ணுக்குத்தான் வந்துச்சு. பாருங்க, உறைகூடப் பிரிக்கல!"

மேடம் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பேனாவை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்கள். "உட்கார்ந்தா தப்பில்லம்மா. கடைல வேலை பாக்குற எல்லாருக்கும் உட்கார இடம் இருக்கணும், வேலைக்கு நடுவுல எப்ப முடியுதோ அப்ப உட்காரலாம்னுதான் சட்டம். முதலாளி பாத்துச் செய்யுற உதவி இல்ல இது. உங்களுக்குச் சேர வேண்டியது."

 

"அப்ப நாங்க சொன்னது தப்பா மேடம்?" என்று கேட்டாள் ஞானம் அக்கா.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார்கள் மேடம்.

போகும்போது என்னைப் பார்க்கவில்லை. வடிவு எங்கே என்று யாரிடமும் கேட்கவுமில்லை. ஆனால் எட்டு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். உன்னைத்தான் தேடினார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

மேல்மாடியில் சாப்பிடும்போது பேச்செல்லாம் உன்னைப் பற்றியே. மேடம் யாரையோ எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எப்படியோ தெரிந்துவிட்டது. ஞானம் அக்கா என் தட்டில் ஒரு துண்டு மீனை வைத்தாள்.

"எழுதிக் கொடுக்கதா இருந்தா நீதான்ட்டி எழுதணும். உன் தங்கச்சி. அன்னைக்கு அவ உக்கார்ந்தா, இந்தத் தளவாய்தான் வந்து எழுப்பிவிட்டான்னு எழுது. நாங்க எட்டுப் பேரும் ஆமாம்போம். அவனுக்கு வேணும்."

நான் மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் தளவாய் அண்ணாச்சியே வந்தார். பொம்மைக்குப் புடவை சரிசெய்வதுபோல நின்றுகொண்டு பேசினார்.

"ஆவுடை, உனக்கு நாப்பத்து மூணு. இங்க விட்டா இந்த ஊர்ல எந்தக் கடையிலயும் உன்னை எடுக்க மாட்டாவ. நான் மிரட்டல. உள்ளதைச் சொல்லுதேன்."

"தெரியும் அண்ணாச்சி."

"என்னைப் பத்தி என்னமும் எழுதுனாலும் பரவால்ல. ஆனா அந்தப் பத்தொம்பதாந்தேதி நான் கடைக்கே வரல. பிள்ளைக்குக் காதுகுத்து, லீவு. உனக்குத் தெரியும்லா?"

தெரியும். தலையை ஆட்டினேன்.

ஜூலை 25, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. அரிசி களைந்தேன். துணி துவைத்தேன். உன் நீலப் பாவாடையையும் துவைத்துப் போட்டேன், அழுக்கே இல்லை.

ஜூலை 28, ஞாயிறு

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஆபீசுக்குப் போக வேண்டும். போனால் வேலை போகலாம். போகாவிட்டால் உன் மனு அங்கேயே ஒரு காகிதக் கட்டுக்குள் கிடந்து மக்கிப்போகும். இது ஒரு வாரமாக எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் பயந்தது அதற்கு இல்லை.

எழுதிப் பார்க்கிறேன். நீ மனுவை எழுதிப் பார்த்ததுபோல.

ஜூன் 19, புதன். காலை பதினொன்று இருக்கும். கூட்டமே இல்லை. உன் இடது கால் மூன்று நாளாக வீங்கியிருந்தது. கொலுசைக் கழற்றி வைத்திருந்தாய். கஸ்டமருக்குப் போட்டிருந்த மெத்தை நாற்காலியில் நீ போய் உட்கார்ந்தாய். குந்தவில்லை, மறைக்கவில்லை. நடுக் கடையில், கேமராவுக்கு நேரே, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். உன் முகத்தில் வெயில் இல்லாத நேரத்து ஆறுபோல ஒன்று இருந்தது. "யக்கா, நீயும் வா. இது நம்ம இடம்" என்றாய்.

தளவாய் அண்ணாச்சி இல்லை. முதலாளி இல்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பாய்.

நான் வந்து உன் முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன். "எந்திரிட்டி. உன்னால என் வேலையும் போகணுமா?" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். நான் உன்னை மாதிரி இல்லை என்று கேமராவுக்குத் தெரியட்டும் என்று சொன்னேன்.

அன்றைக்கு முழுதும் நின்றாய். மறுநாளும் நின்றாய். வெள்ளிக்கிழமை படியில் ஏறும்போது மூச்சு வாங்கி விழுந்தாய். காலில் கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர்.

ஜூலை 29, திங்கள்

ஆபீஸ் வாசலில் வேப்பமரம். உள்ளே பெஞ்சு. உட்காருங்க என்றார்கள். நின்றேன். உட்காருங்கம்மா என்று மறுபடி சொன்ன பிறகு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்கதான் வடிவா?"

"இல்ல மேடம். போன்ல பொய் சொல்லிட்டேன். வடிவு செத்துப்போயிட்டா. மனுப் போட்ட பதினோராம் நாளு. நான் அவ அக்கா, ஆவுடை."

மேடம் எழுந்து தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்கள்.  ஜன்னலில் வேப்பிலை ஒன்று காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பேப்பர் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் எழுதினேன். முதல் பக்கத்தில் கடையில் உட்கார இடம் இல்லாதது, ஆடி ஒன்றுக்கு ஸ்டூல் வந்தது, அடித்தட்டு, வாரத்தில் ஒரு நாள் லீவு சரியாகத் தராதது. இரண்டாம் பக்கத்தில் நேற்று இதில் எழுதியதை அப்படியே எழுதினேன்.

மேடம் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்தார்கள்.

"இது வேண்டாம்மா. இடம் வச்சிருந்தாங்களா இல்லியா, அதுதான் கேள்வி. யாரு எழுப்புனாங்கன்னு சட்டம் கேக்கல."

"நான் கேக்குதேன்லா மேடம்."

அவர்கள் என்னையே பார்த்தார்கள். "கடைல உட்கார நாலு இருக்கை ஒழுங்கா இருந்திருந்தா நீங்க பயந்திருப்பீங்களா? அவங்களை எழுப்பியிருப்பீங்களா?"

"தெரியல. இருந்திருந்தா எழுப்பியிருக்க மாட்டேன்னுதான் நினைக்கேன். ஆனா இல்லாதப்ப எழுப்புனது நான்தான். அவ பேர்ல வந்த மனுவுல பொய் இருக்கக்கூடாது. தளவாய் அண்ணாச்சின்னு எழுதச் சொல்லுதாவ. அவரு அன்னைக்கு லீவு."

மேடம் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பின் குத்தினார்கள். "எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டும்" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். ஆவுடை என்று என் பேரைத்தான் போட்டேன். பேனா வழுக்கவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

கடைக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தது நான்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியது என்ன என்றும் நானே சொல்லிவிட்டேன். ஞானம் அக்கா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இன்று மத்தியானம் என் பக்கத்தில் வந்து நின்று, "அவனைக் காப்பாத்திட்ட. உன்னைக் காட்டிக் கொடுத்துட்ட. கோட்டிக்காரி" என்றாள். பிறகு என் தலையில் கலைந்திருந்த பூவைச் சரியாகச் செருகிவிட்டாள்.

என்னைக் கீழ்த்தளத்துக்கு, பை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். மனுப் போட்டதற்காக வேலையை விட்டு எடுக்கப் பார்த்தால் உடனே சொல்லுங்கள் என்றார்கள். இன்று வரைக்கும் எடுக்கவில்லை. நாளைக்கு எப்படியோ.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. காலையில் ஆற்றுக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் தலையோடு கடைக்கு வந்தேன்.

பதினொரு மணிக்குப் பை யாரும் கொண்டுவரவில்லை. எனக்குப் பின்னால் சிவப்பு ஸ்டூல் ஒன்று இருந்தது, உறை பிரித்தது. உட்கார்ந்தேன். கேமரா என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன்.  உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று கதகதவென்று மேலே ஏறியது, வெந்நீர்போல. பதினொரு வருஷம் அது அங்கேதான் நின்றிருக்கிறது. வாசலில் போகிறவர்கள், பஸ், வெயில், எல்லாம் மெல்ல மிதந்து போயின. ஒருத்தரும் வந்து எழுந்திரு என்று சொல்லவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன், யாராவது வந்து முழங்கையைப் பிடிப்பார்கள் என்று. யாரும் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் புதன்கிழமை மறுபடி வந்தது. நான் தூக்கினேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் யோசித்தால், உன்னைத் தூக்க எனக்குப் பலம் ஏது? கை வைத்தவுடன் நீயாகத்தான் எழுந்தாய். முகம் சுளிக்கவில்லை. நான் கோபத்தில் கலைத்த உன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சரிக்கா, சரிக்கா" என்று சிரித்தாய்.

சட்டம் படித்தவள் நீ. மனு எழுதியவள் நீ. அது உன் இடம் என்று உனக்குத் தெரியும். நான் சொன்னேன் என்பதற்காக ஏன்டி எழுந்தாய்?